அப்பா நடுவராக இருந்த விளையாட்டு

போன மாதம் பாலையூற்று வீட்டில், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவி வந்து கதிரையில் இருந்த அப்பா, அப்படியே போய்விட்டார். துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் விடிய வேலை என்பதால் எனக்குத் தலை பின்னிவிட்டதும் தம்பியின் பள்ளிச் சட்டையை மினுக்கித் தந்ததும் அவர்தான். என் இரட்டைப் பின்னல் ஒருநாளும் ஒரே உயரத்தில் வந்ததில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், ஒரு சத்தம் போட்டு அறியாத மனிதர் என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் ஒரேயொரு முறை எங்களை அதட்டியிருக்கிறார்.

எனக்கு அப்போது எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. மூதூரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் கடைசி லோஞ்சுப் படகைத் தவறவிட்டு, ஒரு சின்ன எஞ்சின் வள்ளத்தில் திருகோணமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. வள்ளக்காரர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். காற்று எங்களை வெளிக்கடல் பக்கம் தள்ளியது. அலை உள்ளே அடித்து என் பட்டுப்பாவாடை நனைந்ததில் எனக்கு ஒரே கவலை.

அப்பா வள்ளத்தின் மூலையில் கிடந்த வெறும் பிளாஸ்டிக் கானை எடுத்து, மூடியை இறுக்கினார். கலியாணத்துக்குப் போட்டிருந்த சால்வையால் என் கையையும் தம்பியின் கையையும் அதன் பிடியோடு சேர்த்துக் கட்டினார். அம்மாவின் கையையும் இழுத்து அதில் வைத்தார்.

"இது ஒரு விளையாட்டு. ஆர் கடைசிவரைக்கும் கையை விடேல்லையோ, அவைக்கு ஐஸ்கிறீம்."

"அப்ப உங்களுக்கு?" என்று அம்மா கேட்டார். அம்மாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"நான்தானே நடுவர்."

அவர் எதிர்ப்பலகையில் போய் இருந்தார். எனக்கு அந்த விளையாட்டு அலுத்துவிட்டது. அப்பாவின் மடியில் போய் இருக்க வேண்டுமென்று கையை உருவப் பார்த்தேன்.

"கையை விட்டியோ, அடிச்சுப் போடுவன்!"

அப்பாவா அப்படிக் கத்தினார் என்று நான் விம்மி விம்மி அழுதேன். அந்த அழுகை ஓயுமுன்னே கிண்ணியாவிலிருந்து மீன்பிடிக்க வந்த ஒரு படகு எங்களைக் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தது. இறங்குதுறையில் அப்பா சொன்னபடியே ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். அதன் மூடியைத் திறக்க அவர் விரல்களுக்கு ஏலவில்லை, அப்படி நடுங்கின. அப்பாவுக்குக் குளிருதாம் என்று தம்பியும் நானும் சிரித்தோம்.

போன மாதம், அப்பாவின் சாம்பலைக் கடலில் கரைக்கும் நாளன்று, பெண்கள் வரத் தேவையில்லை என்று உறவினர் சொன்னதை அம்மா கேட்கவில்லை. நானும் கூடப் போனேன். தம்பி சாம்பல் இருந்த மண்முட்டியோடு இறங்கி, இடுப்பளவு தண்ணீரையும் தாண்டி நடந்தான். கரையில் நின்ற அம்மா திடீரென்று கத்தினார்.

"தம்பி, ஆழத்துக்குக் கொண்டு போகாதை! அப்பாவுக்கு நீந்தத் தெரியாதடா!"

தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். காலமெல்லாம் துறைமுகத்தில் வேலை செய்த மனிதர். எங்கள் இருவருக்கும் அது தெரியாது. வள்ளத்தில் பிடித்து மிதக்கக்கூடியதாக இருந்த ஒரேயொரு கானை எங்களுக்குத் தந்துவிட்டு அவர் வெறுங்கையோடு எதிர்ப்பலகையில் இருந்தது, இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த மணலில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

தம்பி கரைக்குக் கிட்டவாக, முழங்காலளவு தண்ணீருக்குத் திரும்பி வந்தான். குனிந்து, முட்டியை மெல்லச் சரித்தான்.