ஆர்டிஸின் ஒன்பதடித் தோட்டம்

ஆர்டிஸ் ஹௌகனைப் பற்றி யார் எழுதினாலும் என் புல்வெளியிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும். பிளம் கிரீக்கில் அதைவிட நல்ல புல்வெளி கிடையாது. விஸ்கான்சின் முழுக்கவே கிடையாது என்றும் சொல்லலாம். மற்ற ஊர்க்காரர்கள் மனம் புண்படுமே என்று விட்டு வைத்திருக்கிறேன். அதன் மேல் ஒரு கோல்ஃப் பந்தை உருட்டிவிட்டால், கோணலாகப் போக அதற்கே கூச்சமாக இருக்கும்.

நான் வெண்டல் கிரெப்கே. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது தெரியாது. இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. பதினாலு வயதில் ஒரு ஓட்டைப் புல்வெட்டி இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கியவன், இன்று பதினொரு இயந்திரங்களும் பனி வாருகிற லாரிகள் நாலும் வைத்திருக்கிறேன். நகராட்சிக்கு முன்னால் இருக்கும் புல் நான் வெட்டுவது. இடுகாட்டுப் புல்லும் நான் வெட்டுவதுதான். இந்த ஊரில் செத்தாலும் என்னிடமிருந்து தப்ப முடியாது.

ஆர்டிஸ் எனக்கு எதிர்வீடு. முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பதினாலாம் நம்பர் பேருந்து. நகராட்சித் தலைவர் இரண்டாம் வகுப்பில் எந்த இருக்கையில் வாந்தி எடுத்தார் என்பது அவளுக்குத் தெரியும். அது தெரியும் என்பது தலைவருக்கும் தெரியும்.

பள்ளிப் பேருந்து தண்டவாளத்தைக் கடக்குமுன் நிறுத்த வேண்டும். கதவைத் திறந்து, ரயில் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்த பிறகுதான் நகரலாம். மற்ற ஓட்டுநர்கள் கேட்டதோடு சரி. ஆர்டிஸ் பார்க்கவும் செய்தாள். திறந்த கதவுக்கு வெளியே, தண்டவாளத்தை ஒட்டி ஒரு கீற்று நிலம். ரயில் பாதை போட்ட நாளிலிருந்து அதில் கலப்பை பட்டதில்லை. சுற்றிலும் மைல் கணக்கில் சோளமும் சோயாவுமாக மாறிப்போன பிறகும், அந்தக் கீற்றில் மட்டும் இந்த மண்ணின் பழைய காட்டுச் செடிகள் தம் பாட்டுக்குப் பூத்துக்கொண்டிருந்தன. ஊதா, மஞ்சள், பிறகு வேறொரு ஊதா. ஒரு நாளைக்கு நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து விநாடி, முப்பத்தொரு வருஷம் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். இப்போதுகூடச் சொந்தக் காரில் போனாலும் அங்கே நிறுத்திக் கதவைத் திறப்பாள். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்க மாட்டார்கள். அவர்களும் அந்தப் பேருந்தில் போனவர்கள்தான்.

ஓய்வு பெற்ற வருஷம், அந்தக் கீற்றிலிருந்து விதை பறித்துவந்து வீட்டு முன்னால் போட்டாள். இருந்த புல்லையெல்லாம் அட்டைப் பெட்டிகளைப் பரப்பி மூடிச் சாகடித்தாள். எதிர்வீட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

நாலாவது வருஷம் அது காடு. திசைகாட்டிச் செடி என்று ஒன்று, இலைகளை வடக்கு தெற்காக விறைத்துக்கொண்டு ஒன்பதடிக்கு நின்றது. ஒடித்தால் பால் வடிகிற செடியில் புழுக்கள். பட்டாம்பூச்சியாகப் போகிறவையாம், அவற்றுக்கு அவள் நல்வரவு சொல்கிறாள்!

"எப்படி இருக்கு முதலாளி?" என்று தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்பாள். நான் பதினொரு இயந்திரங்களுக்குச் சொந்தக்காரன் என்பதால் வைத்த பெயர்.

"வித்தியாசமா இருக்கு ஆர்டிஸ்" என்பேன். எங்கள் பக்கத்தில் நாகரிகமான மனிதன் சொல்லக்கூடிய மிகக் கெட்ட வார்த்தை அதுதான்.

அந்த ஜூன் மாதம் ரயில்காரர்கள் தண்டவாளம் நெடுக மருந்து அடித்தார்கள். சில நாளிலேயே அந்தக் கீற்று காய்ந்து வைக்கோலாகிவிட்டது. அது தெரிந்த சாயங்காலம் ஆர்டிஸ் தன் செடிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இடுக்கில் அவள் தொப்பி மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த வாரம் ஓரின் டெஷ் வந்தான். ஓரின் எங்கள் ஊர்க் களை அதிகாரி. மீதி நாளெல்லாம் குழாய் ரிப்பேர் செய்கிறவன். யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். நான் இல்லை. எனக்குக் குறை இருந்தால் முகத்துக்கு நேராக, வித்தியாசமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

"எட்டு அங்குலந்தான் சட்டம் ஆர்டிஸ்" என்றான் ஓரின்.

"எது எட்டு அங்குலம்?"

"புல்லு, களை."

"இது புல்லும் இல்ல, களையும் இல்ல. பூச்செடி."

"ஒம்போதடி இருக்கேம்மா!"

"ஆமா, நல்லா சாப்பிடுது."

ஓரின் அளவுநாடாவை மேலே நீட்டினான். அது ஏழடியில் மடங்கி அவன் மூக்கில் விழுந்தது. சட்டைப் பையிலிருந்து மாநிலக் களைப் பட்டியலை எடுத்தான். படம் போட்ட காகிதம். "முள்ளு இருக்கே, இந்தா படத்துல இருக்கறதுதானே இது?"

"அது வெளிநாட்டு முள்ளு. இது நம்ம மண்ணு முள்ளு. எலையத் திருப்பிப் பாரு, அடியில வெள்ளையா இருக்கும்."

அவன் திருப்பிப் பார்த்தான். வெள்ளையாகத்தான் இருந்தது. விரலைச் சப்பிக்கொண்டே உத்தரவைப் படித்தான். முப்பது நாள் அவகாசம். அதற்குள் இயற்கைத் தோட்ட அனுமதி வாங்க வேண்டும்: சுற்றியுள்ள ஏழு வீட்டில் நாலு வீட்டுக் கையெழுத்து, அதோடு இது பராமரிக்கிற தோட்டம்தான் என்று களை அதிகாரி நேரில் பார்த்து எழுதுகிற ஒரு வரி. இல்லையென்றால் வெட்டி, மருந்து அடித்து, மேலே புல்பாய் விரித்துவிடுவார்கள்.

நகராட்சிக்காக வெட்டுவது யார்? கிரெப்கே கம்பெனி. மருந்து அடிப்பது? கிரெப்கே கம்பெனி. நான் புல்பாய் விரித்தால் தையல் தெரியாது. ஆனால் அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மாட்டிறைச்சியின் குற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரே மீன் வறுவல் சாப்பிடக் கூடுகிற மதுக்கடைக்கு ஆர்டிஸ் வந்தாள், கையில் காகிதத்தோடு. அங்கேயே மூன்று கையெழுத்து விழுந்தது. மூவரும் பதினாலாம் நம்பர் ஆட்கள். மற்ற மூன்று வீட்டுக்காரர்கள், "பாக்கலாம் ஆர்டிஸ்", "வீட்டுல கேட்டுச் சொல்றேன் ஆர்டிஸ்", "மீனு ஆறுது, சாப்பிடு ஆர்டிஸ்" என்றார்கள். எங்கள் ஊரில் ஒருவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல மாட்டோம். கோஸ் பச்சடியை நீட்டுவோம். அன்று அவள் தட்டில் நாலு கிண்ணம் கோஸ் சேர்ந்தது.

ஏழாவது வீடு நான்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, ருபார்ப் தண்டு போட்ட கேக்கோடு என் வீட்டுக்கு வந்தாள். நான் கொடிமரத்தடியில் இருந்தேன். அந்தக் கொடிமரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொடியைவிட அதன் அடியில் இருந்த படர்கொடி எனக்குப் பெருமை. எட்டு வருஷத்துக்கு முன்னால் தானாக முளைத்தது. புனல் மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூ. நூல் கட்டி ஏற்றிவிட்டேன்; ஆளுயரத்துக்கு ஏறிப் பூத்துக் குலுங்கும். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சரி, நான்தான் நிற்க வைத்து எடுப்பேன்.

"முதலாளி, கேக்கு கொண்டாந்திருக்கேன்."

"கையெழுத்துக்கா?"

"கேக்கு கேக்குக்கு. கையெழுத்தத் தனியா கேப்பேன்."

அவள் காகிதத்தை எடுப்பதற்குள் ஓரினின் வண்டி வந்து நின்றது. நாளை மறுநாள் லாரி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று என்னிடம் கேட்க வந்திருக்கிறான். ஆர்டிஸைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான்.

"தப்பா நெனைக்காத ஆர்டிஸ். ஒன் வீட்ட மட்டும் பாக்கறேன்னு நெனைப்ப. ஒவ்வொரு வீடா ஏறி எறங்கப்போறேன். இந்தப் பட்டியல்ல இருக்கற ஒரு களை இந்தத் தெருவுல இருந்தாலும் விட மாட்டேன்." காகிதத்தை விரித்துக்கொண்டு என் புல்வெளியிலேயே நடக்க ஆரம்பித்தான்.

ஆர்டிஸ் நகர்ந்து கொடிமரத்துக்கு முன்னால் போய் நின்றாள். ஜூலை வெயில். பாவாடையை இரண்டு பக்கமும் கொஞ்சம் விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

"நெழலுக்கு வாயேன்" என்றேன்.

"இங்கதான் காத்து வருது" என்றாள். ஓர் இலைகூட அசையவில்லை.

ஓரின் இடது பக்கம் போனால் அவள் இடது பக்கம் சாய்ந்தாள். வலது பக்கம் போனால் வலது பக்கம். ஒன்றும் கண்ணில் படாமல் அவன் கிளம்பப் பார்த்தான். எங்கள் ஊரில் விடைபெறுவது சின்ன வேலை இல்லை. போய்விட்டு வருகிறேன் என்று சொன்ன பிறகு வானிலை, பிறகு மைத்துனனின் முழங்கால், பிறகு மறுபடி வானிலை. இருபது நிமிஷம். அவளும் அவன் மனைவியின் உடல்நலம் விசாரித்துக்கொண்டே அவனை வண்டிப் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு துண்டு கேக்கை வாயில் அடைத்து அனுப்பி வைத்தாள்.

வண்டி மறைந்ததும் கீழே உட்கார்ந்துவிட்டாள். முகம் பீட்ரூட்.

"ஒனக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒங்க கொடிமரத்துல இருக்கறது என்னன்னு தெரியுமா முதலாளி?"

"பூங்கொடி. நானே ஏத்திவிட்டது."

"ஜென்னிக்கொடி. ஓரின் கையில இருக்கற பட்டியல்ல ரெண்டாவது படம்."

நான் சிரித்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு கொடியைப் பார்த்தேன்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் புல் வெட்டியவனுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்பீர்கள். வெட்டியதால்தான் தெரியவில்லை. என் கைக்கு வந்த எந்தச் செடியும் மூன்று அங்குலத்துக்கு மேல் வளர்ந்ததில்லை. ஜென்னிக்கொடியை நான் ஆயிரம் தடவை வெட்டியிருப்பேன். அது பூத்து ஒரு தடவையும் பார்த்ததில்லை. எங்கள் தொழிலில் கெட்டிக்காரனாக இருந்தால் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

"எட்டு வருஷமா தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே, வித்தியாசமா இருக்குன்னு."

"சரி, இன்னைக்காவது ஓரின்கிட்ட சொல்லியிருக்கலாம். இல்ல, என்கிட்ட சொல்லி மெரட்டியிருக்கலாம். கையெழுத்து போட்டிருப்பேனே!"

"மெரட்டி வாங்கின கையெழுத்த வச்சு ஒங்க எதிர்ல எப்படி இருபது வருஷம் குடியிருக்கறது?" என்றாள். "வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. ஆனா அந்த ரயில் ஓரத்துச் செடிக்கு இப்ப ஒலகத்துல வேற எடம் இல்ல. அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டு சொல்லுங்க."

நான் பேனா கேட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கேக்கும் காரணம் இல்லை, அது கொஞ்சம் புளிப்பு.

கையெழுத்துப் போட்ட பிறகுதான் என் மூளை வேலை செய்தது. "நாலு கையெழுத்து மட்டும் போதாது. பராமரிக்கற தோட்டம்னு ஓரின் எழுதணும். இந்தக் கோலத்தப் பாத்தா எழுத மாட்டான்."

"பின்ன?"

"ஓரத்த வெட்டணும்."

"வெட்டறதா? அது வேணாம்னுதான முப்பது நாளா சண்ட!"

"ஒரே ஒரு மெஷின் அகலம் ஆர்டிஸ். சுத்தி ஒரு கரை, நடுவுல ஒரு பாதை. உள்ள என்ன வேணா வளரட்டும். ஓரம் நேரா இருந்தா ஜனங்க உள்ள இருக்கறத தோட்டம்னுவாங்க. ஓரம் இல்லேன்னா காடும்பாங்க. படிச்சவனுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்."

அவள் ஒரு நாள் பூராவும் முறைத்துவிட்டுச் சம்மதித்தாள். இருபத்தோரு அங்குல இயந்திரத்தை நானே தள்ளினேன், வேலைக்காரர்களை நம்பவில்லை. நடுவில் போட்ட பாதை தபால்பெட்டியில் தொடங்கி, திசைகாட்டிச் செடியைச் சுற்றி, அவள் நாற்காலியில் முடிந்தது. கத்தியால் கீறிய மாதிரி ஓரம்.

கெடு நாளன்று ஓரின் வந்தான். என் லாரியும் நின்றது, காலியாக. அவன் பாதையில் உள்ளே போனான். முன்பு பார்த்த அதே ஒன்பதடிச் செடிகள். பாதைக்கும் ஓரத்துக்கும் போனது தவிர ஒரு செடிகூடக் குறையவில்லை. திரும்பி வந்து தொப்பியைக் கழற்றினான்.

"இது பிரமாதம் ஆர்டிஸ். மொதல்லயே இப்படி வச்சிருக்கக் கூடாதா?"

"தோணல ஓரின்" என்றாள் ஆர்டிஸ், என்னைப் பார்க்காமல்.

அவன் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்தான். பிறகு என் கொடிமரத்தைப் பார்த்து, "என்ன வெண்டல், மொட்டையா நிக்குது?" என்றான்.

"சுத்தமா இருக்கட்டும்னு எடுத்துட்டேன்" என்றேன். இன்றுவரை தோண்டிக்கொண்டிருக்கிறேன். ஜென்னியின் வேர் என்னைப் போல, விடாது.

அக்டோபரில் ஆர்டிஸ் காரில் என்னை ஏற்றிக்கொண்டாள். என் மடியில் ரொட்டிப் பை நிறைய அவள் தோட்டத்து விதை. தண்டவாளத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"கதவத் தெறங்க முதலாளி. சட்டம்."

திறந்தேன். ரயில் சத்தம் இல்லை. பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன், அடுத்தவர் நிலத்தில், பகல் வெளிச்சத்தில். பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. ஓரின்.

அவன் ஹாரன் அடிக்கவில்லை. ஆர்டிஸ் பத்து விநாடி எண்ணினாள். நான் கதவைச் சாத்தினேன்.