காற்றை எங்கே அளப்பது

தேரடி முனையில் வண்டி திரும்புவதற்குச் சற்று முன்னால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார் குணசேகரன். பானட்டுக்கு அடியிலிருந்து 'புஸ்ஸ்' என்று ஒரு சீற்றம் கிளம்பும். டீக்கடை பெஞ்சிலிருந்து யாராவது, "தோ, வந்துட்டாரு புஸ் நைனா" என்பார்கள். காதில் விழாதவர்போல மீசையைத் தடவிக்கொள்வார்.

திருவொற்றியூரில் தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. ரப்பர் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து மறுமுனையில் வாய் வைத்து ஊதுவார். கன்னம் இரண்டும் பூரியாக உப்பும். என்ஜினை 'அவரு' என்பார், வண்டிக்குச் சொந்தக்காரரை 'அது' என்பார். "அவரு நல்லாத்தான் கீறாரு. அதுக்குத்தான் ஓட்டத் தெர்ல."

ஊரார் வண்டிக்கெல்லாம் நிதானமாக வைத்தியம் பார்க்கிறவர் சொந்த வண்டியில் சறுக்கினார். பழைய டர்போ பெட்ரோல் கார் அது. ஏர் ஃபில்டரை ஒட்டியிருக்கும் சென்சார், உள்ளே போகிற காற்றை அளக்கும். அந்த அளவுக்குத் தக்க பெட்ரோல் இறங்கும். அதற்கப்புறம்தான் டர்போ காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும். காலை எடுத்ததும் மிஞ்சுகிற காற்று குழாய் வழியாக மறுபடி டர்போவுக்கே திரும்ப வேண்டும். அந்தப் 'புஸ்' சத்தத்துக்கு ஆசைப்பட்டு, அந்தக் காற்றைத் தெருவில் திறந்துவிட்டார் குணசேகரன். அளந்த காற்று வெளியே போய்விட, அதற்கென்று இறங்கிய பெட்ரோல் என்ஜினை மூச்சு முட்ட வைத்தது. அவர் ஓட்டினால் லேசாக ஆக்சிலேட்டரைத் தட்டிச் சமாளித்துவிடுவார்.

ஆனால் தினமும் ஓட்டுகிறவர் அவர் மனைவி அம்மு. மணலி புதுநகரில் ஒரு கம்பெனி கேன்டீனின் சமையல் அம்மு பொறுப்பில். ஒருநாள் எண்ணூர் சாலையில் காலை எடுத்ததும் வண்டி அணைந்துபோனது. பின்னால் வந்த கன்டெய்னர் டிரெய்லர் அலறிக்கொண்டு, டிக்கியை முட்டாத குறையாக நின்றது. வீட்டுக்கு வந்த அம்மு சாவியை ஆணியில் மாட்டவில்லை. புருஷன் தட்டில், சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். "உன் புஸ்ஸுக்கு என் உசுரு கேக்குதா?"

அப்போதும் குணசேகரனுக்குச் சத்தத்தை விட மனசில்லை. சென்சாரைக் கழற்றி டர்போவுக்கு அப்பால், என்ஜின் வாசலருகே மாட்டினார். மிச்சக் காற்று தெருவுக்குப் போன பிறகு அளந்தால் அளவு சரியாகத்தானே வரும்? வந்தது, கொஞ்ச நாளைக்கு. பிறகு டர்போ கக்கிய எண்ணெய் ஆவி சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து, வண்டி இருமத் தொடங்கியது.

அம்மு பட்டறைக்கே வந்துவிட்டார். "எங்க கம்பெனி கேட்ல தல எண்ணி சொல்றாங்கோ, நான் ஒல வெக்கிறேன். எண்ணின ஆளுங்கள நீ பின்வாசல்ல தொரத்திகினே இருந்தா, வடிச்ச சோத்த யாருய்யா துன்றது?"

"அதான் எண்றவன சாப்பாட்டு மேசையாண்ட குந்த வெச்சேனே."

"அங்க ஆவியில அவனுக்குக் கண்ணே தெர்ல. அவன கேட்லயே குந்த வை. மிஞ்சின ஆளுங்கள வெளிய வுடாத, திருப்பி கேட்டுக்கு உள்ளாறவே வரிசையில நிக்க வை."

குணசேகரனுக்குத் தெரியாததல்ல. "சத்தம் பூடும் அம்மு."

"நான் வூட்டுக்கு வரணுமா, அது வரணுமா?"

குணசேகரன் ஸ்பானரை எடுத்தார். சுத்தம் செய்த சென்சார் ஃபில்டர் பக்கமே திரும்பியது. தெருவில் காற்றை விட்டுக்கொண்டிருந்த வாய்க்கு ஒரு குழாயைப் பூட்டி, சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவே சேர்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மு ஓட்டினார். எண்ணூர் சாலையில் முன்னால் ஒரு டிரெய்லர், பின்னால் ஒரு டிரெய்லர். பக்கத்து இருக்கையில் குணசேகரனின் வலது கால், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

"எட்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு அம்மு காலை எடுத்தார்.

என்ஜின் வேகத்தைக் காட்டும் முள் சரசரவென்று இறங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி மிதித்து, மறுபடி எடுத்தார். அணையவில்லை.

"பின்னாடி ஆரன் அட்ச்சிகினே கீறான் பாரு" என்றார் குணசேகரன்.

"அட்ச்சிகினு போவட்டும். நாமதான் போய்கினு கீறோமே."

குணசேகரன் செருப்பைக் கழற்றினார். கால் இரண்டையும் இருக்கைமேல் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டுக்கொண்டார்.