ஒன்பது நாள் உட்கார்ந்த ஷோபனா

சனிக்கிழமை தவறாமல் அவலூர்பேட்டை பஸ்ஸில் இருந்து முதலில் இறங்குவது ஷோபனாதான். பஸ் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிவிடுவாள். பின்னாலேயே அவள் அம்மா ஜெயக்கொடி, ஒரு ஜோடி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார். செருப்பு மகளுடையது.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு ஹாலில் நான் குழந்தைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். பெயரும் பட்டமும் போட்ட பலகையைத் தினமும் நானே துடைப்பேன். ஜனங்கள் அதைப் படித்ததில்லை. உள்ளே ஊஞ்சல் தொங்குவதால் 'ஊஞ்சல் சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஷோபனா அப்போது ஏழாவது. டாக்டர் சீட்டில் ஏ.டி.எச்.டி. என்று எழுதியிருந்தது. கவனம் ஒரு இடத்தில் நிற்காது, உடம்பு சும்மா இருக்காது. சொந்தக்காரர்கள் அதுவரை, செஞ்சிக் கோட்டைக் குரங்குகளோடு பிறந்திருக்க வேண்டியவள் என்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். குரங்குக்குப் பரீட்சை கிடையாதே, நல்லதாப் போச்சு என்று இவளே திருப்பிச் சொல்வாளாம். கெட்டிக்காரி. கணக்கை மனசிலேயே போட்டுவிடுவாள். அதை நோட்டில் எழுதச் சொன்னால் இரண்டாவது வரியில் ஆள் ஜன்னலில் இருப்பாள்.

ஜெயக்கொடி ஐந்தாவதோடு நின்றவர். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கக் கூலிக்குப் போகிறவர். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பத்தாவது பரீட்சையில் மகள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். முடியும் என்றேன்.

முதலில் ஊஞ்சலில் குப்புறப் படுத்து ஆட்டம். பிறகு மணல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடை. உடம்பு அடங்கியதும் உட்கார்ந்து மணி கோப்பது, எழுதுவது. சும்மா உட்கார்ந்தால் என்ன செய்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒடம்புக்குள்ள எறும்பு ஊருது சார். ஊஞ்சல் ஆடனா அதுங்க தூங்கிடுது."

நான்கரை வருஷப் படிப்பில் யாரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இருந்தும் நான் ஒரு தப்புச் செய்தேன். அம்மாவுக்குப் புரியட்டும் என்று சுவரில் ஒரு சார்ட் ஒட்டினேன். அதில் ஊஞ்சலை எழுதவில்லை, மூட்டையை எழுதவில்லை. எழுந்திருக்காமல் எத்தனை நிமிஷம் உட்கார்ந்தாள் என்று மட்டும் எழுதினேன். முதல் வாரம் நான்கு. எட்டு மாதம் கழித்துப் பதினேழு. பதினேழு என்று எழுதிய அன்று ஜெயக்கொடி அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார்.

அதற்கப்புறம் மூன்று சனிக்கிழமை அவர்கள் வரவில்லை.

நாலாவது சனிக்கிழமை வந்தார்கள். ஷோபனா பாவாடை தாவணியில் இருந்தாள், செருப்பு காலில் இருந்தது. ஜெயக்கொடி ஒரு தூக்கு நிறையப் புட்டு கொண்டுவந்திருந்தார். பெண் பெரியவளாகிவிட்டாள். தாய்மாமன் ஆனந்தராஜ் இவர்கள் வீட்டோரமாகப் பச்சைத் தென்னை ஓலையில் குடிசை கட்ட, வழக்கப்படி ஒன்பது நாள் அதற்குள் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். கடைசி நாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு, குடிசையைக் கொளுத்திவிட்டார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஜெயக்கொடி சுவரைக் காட்டினார்.

"எம்பொண்ணு நல்லாயிட்டா சார். ஒம்போது நாளு, வெளிய ஒரு அடி வெக்கல. ஒறமொறைங்க எல்லாம் மூக்கு மேல வெரல வெச்சிட்டாங்க. அதையும் எழுதிக்குங்க."

இனிமேல் வர முடியாது என்பதைச் சொல்லத்தான் வந்திருந்தார். வயசுக்கு வந்த பெண் ஊஞ்சலில் குப்புறப் படுத்து ஆடுவதா, அதுவும் ஒரு ஆம்பளை பிடித்துக்கொண்டா என்று தம்பி ஆனந்தராஜ் கேட்கிறாராம். எங்கள் வீடாக இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பார்கள். விழுப்புரத்தில் இதே தெரபி கொடுக்கும் ஒரு மேடம் இருக்கிறார், மாதம் இரண்டு தடவை வரச் சொல்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். நல்லான பெண்ணுக்கு எதுக்கு என்றார்.

அப்போதுதான் ஷோபனாவின் கைகளைப் பார்த்தேன். பத்து விரல் நுனியிலும் கோடு கோடாகக் கீறல், காய்ந்து கறுத்திருந்தது. என்ன என்று கேட்டேன். அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"உள்பக்கத்து ஓலைய எல்லாம் கிழிச்சிட்டேன் சார். வெறும் ஈர்க்குதான் மிச்சம். வெளியில இருந்து பாத்தா தெரியாது."

ஜெயக்கொடி மகளின் விரல்களை இழுத்துப் பார்த்தார். அதுவரை அவரும் பார்த்திருக்கவில்லை. முகம் சுருங்கியது. அந்தக் கையைத் தாவணி முந்திக்குள் மூடிவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஓலதான சார், எரிஞ்சிபோச்சி. உக்காந்தாளா இல்லியா? நீங்க எழுதனது அதத்தான?"

புட்டுத் தூக்கைக் கழுவிக் கொடுத்தேன். அதோடு அவர்கள் வரவில்லை. சார்ட்டை அன்றைக்கே கிழித்தேன்.

போன மார்கழியில் ஒருநாள் வீட்டுக்குப் போகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கப் பார்த்தேன். ஒன்பதாவது அரையாண்டுப் பரீட்சையில் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் திட்டியிருக்கிறார்கள். போதும் என்று ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டார்கள். பத்தாவது எழுதியிருக்க வேண்டிய வருஷம் அது. இப்போது ரொம்ப அடக்கம் என்றார் ஜெயக்கொடி. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஷோபனா என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். அம்மா அவள் முழங்காலில் கையை வைத்தார். உட்கார்ந்துகொண்டாள். பூ கட்டித் தந்த வாழையிலைத் துண்டு அவள் மடியில் இருந்தது.

பழக்க தோஷம், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். என் பஸ் ஒன்று போனது, ஏறவில்லை. அவலூர்பேட்டை பஸ் வர இருபத்தெட்டு நிமிஷம் ஆனது. அதுவரைக்கும் ஷோபனா எழுந்திருக்கவே இல்லை. பஸ் நின்ற பிறகு அம்மாவுக்குப் பின்னால் போய் ஏறினாள்.

அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே வாழையிலை நார் நாராகக் கிடந்தது.