இரண்டு மணியும் சேர்ந்து அடித்த கல்யாணம்

எங்கள் சித்தூர் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரத்தில் மணிகள் இரண்டு. பெரியது கடல் கடந்து வந்தது. கப்பலில் சென்னைக்கு வந்து, ரயிலில் சித்தூருக்கு வந்து, ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் ஆலயத்துக்கு வந்ததாம். வண்டியிலிருந்து இறக்கும்போது கை நழுவி விழுந்ததில் விளிம்பில் கொஞ்சம் பெயர்ந்துவிட்டது. அதனாலோ என்னவோ, 'டாங்' என்று கம்பீரமாக ஆரம்பித்து, முடியும்போது தொண்டை கட்டியவர் போலக் கரகரக்கும். சின்ன மணி பிறகு வாங்கியது. அதற்குப் பொறுமையே கிடையாது. 'டிங் டிங்' என்று அவசரக் குடுக்கையாக அடித்துத் தள்ளும்.

பெரிய மணி தமிழ் ஆராதனைக்கு, சின்ன மணி தெலுங்கு ஆராதனைக்கு. இது யார் போட்ட சட்டம் என்று எவருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பெரிய மணி கேட்டு நாங்கள் போவோம். நாங்கள் கலைந்து வெளியே வரும்போது சின்ன மணி அடிக்கும், அவர்கள் உள்ளே போவார்கள். வாசலில் இரண்டு கூட்டமும் இடித்துக்கொள்ளும், குசலம் விசாரிக்கும், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போகும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதே கணக்குதான். தமிழ்க் குடும்பமென்றால் பெரியது, தெலுங்குக் குடும்பமென்றால் சின்னது.

இரண்டும் சேர்ந்து அடித்தால் மட்டும் அர்த்தம் வேறு. எங்கேயோ தீப்பிடித்திருக்கிறது என்று பொருள். ஆலயத்துக்குப் பின்னால் வரிசையாகக் கூரை வீடுகள். வெயில் காலத்தில் ஒரு பொறி போதும். அந்தச் சத்தம் கேட்டால் சாதி, மதம், பாஷை எதையும் பார்க்காமல் தெருவே குடமும் வாளியுமாக ஓடும். எல்லோருக்கும் முன்னால் ஓடுகிறவர் எங்கள் அப்பா. நைனா என்றுதான் கூப்பிடுவோம். வற்றாத கிணறு எங்கள் வீட்டில்தான் இருந்தது. அதனால் அது எங்கள் வீட்டுக் கடமை என்று அவர் தாத்தா காலத்திலிருந்தே வந்த பழக்கம். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எச்சில் கையோடு வாளியைத் தூக்கிவிடுவார்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேனே, என் கல்யாணத்தின்போது இது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. நன்றாகப் பிழைத்தோம், போங்கள்!

ஆந்திர ராஜ்யம் பிரிந்து சித்தூர் அந்தப் பக்கம் போயிருந்த சமயம் அது. எல்லை எங்கே, எந்த ஊர் யாருக்கு என்று தினமும் பேச்சு. நைனா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. வேலையில் நீடிக்கத் தெலுங்குப் பரீட்சை எழுத வேண்டும் என்று உத்தரவு வந்ததும் அவருக்குத் தலையில் இடி விழுந்தது. "இன்னிக்கோ நாளைக்கோ சித்தூரு மெட்ராஸோட சேந்துக்கும், அதுக்குள்ள நான் எதுக்குப் படிக்கணும்?" என்று கொஞ்ச நாள் சமாளித்துப் பார்த்தார். சித்தூர் அசையவில்லை. கடைசியில் திருப்பதியிலிருந்து வந்து இங்கே ஹைஸ்கூலில் தெலுங்கு நடத்திக்கொண்டிருந்த ஒரு வாத்தியாரை வீட்டுக்கு வரவழைத்தார். தெலுங்கு ஆராதனைக்கு வருகிற பிள்ளை. சாயங்காலமானால் திண்ணையில் உட்கார்ந்து வாத்தியார் சொல்லச் சொல்ல நைனா திருப்பிச் சொல்வார். தமிழ் வார்த்தைக்கு ஒரு 'லு' சேர்த்துவிட்டால் தெலுங்காகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. "வாளிலு, கயிறுலு" என்பார். வாத்தியார் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்புவார். ஜன்னலுக்கு உள்ளே நான் நின்றிருப்பேன்.

பரீட்சையில் நைனா தோற்றார். மறுபடி எழுதினார், மறுபடியும் தோற்றார். அந்தச் சூடு ஆறுவதற்குள் வாத்தியார் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்துவிட்டார்கள்.

"எனுக்குச் சொல்லிக்குடுக்க வந்தவன், எனுக்கு ஒண்ணும் சொல்லிக்குடுக்காம உனுக்கு இன்னாடி சொல்லிக்குடுத்துக்கினு இருந்தான்?" என்று வீடே அதிரக் கத்தினார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. "நீ படிக்கல, நான் படிச்சேன்" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

ஆனால் நைனா கெட்டவரில்லை. பையன் நல்லவன் என்பது அவருக்கே தெரியும். முறைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். பிறகுதான் மணி விவகாரம் கிளம்பியது. மாப்பிள்ளை தெலுங்குச் சபை, அதனால் சின்ன மணிதான் அடிக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். நைனா குதித்தார். "எங்க வூட்டுல அத்தினி பேருக்கும் பெரிய மணி அடிச்சித்தான் கல்யாணம் ஆச்சி. சின்ன மணி சத்தம் என் காதுல வுழுந்தா, நான் அந்தக் கோயில் வாசல்ல கால் வெக்க மாட்டேன்!" கோபத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் பத்துப் பேர் எதிரில் சொல்லிவிட்டார். இனி அவரால் அதை விழுங்க முடியாது.

எங்கள் வழக்கத்தில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் பெண் ஆலயத்துக்குள் நடக்க வேண்டும். சிறுமியாக இருக்கும்போதே அந்த நடையை நானும் நைனாவும் வீட்டுக் கூடத்தில் நடந்து பழகியிருக்கிறோம், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. அது இல்லாமல் போகிறதே என்று அன்றைக்கு ராத்திரி நன்றாக அழுதேன். காலையில் கோபம் வந்துவிட்டது. அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

சபைக் கமிட்டி கூடியது. பெரிய மணியில் தமிழ் எழுத்து இருக்கிறது என்றார் எங்கள் பக்கத்து மூப்பர். தெலுங்கு எழுத்துதான் என்றார் அவர்கள் பக்கத்து மூப்பர். இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோபுரம் ஏறினார்கள். தலையெல்லாம் புறா எச்சத்தோடு இறங்கி வந்தார்கள். மணியில் இருந்தது, அதை வார்த்த சீமை ஊரின் பெயர், இங்கிலீஷில். இரண்டு பேரும் துண்டை எடுத்துத் தலையைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

அப்போது வேலூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த பாதிரி ஐயர், "இதுக்கு ஏன் இத்தனை சண்டை? இரண்டையும் சேர்த்து அடிச்சிட்டாப் போச்சு" என்றார். பேசிப் பேசிக் களைத்துப் போயிருந்தார்களா, எல்லோரும் கையைத் தூக்கிவிட்டார்கள். உடனே அடுத்த சண்டை: எது முதலில் அடிப்பது? ஒரு கயிற்றுக்குத் தமிழர் ஒருவர், இன்னொரு கயிற்றுக்குத் தெலுங்கர் ஒருவர், ஐயர் கைக்குட்டையை அசைத்ததும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் இழுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எல்லைக் கமிஷன்கூட இவ்வளவு கறாராகக் கோடு போட்டிருக்காது.

நைனாவிடம் போய்ச் சொன்னார்கள். "அதுலயும் சின்ன மணி கீதே!" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

கல்யாணத்தன்று காலை நான் புறப்படும்போது பனியனோடு கிணற்றடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன். அவர் திரும்பவில்லை. சரிதான் போ என்று நடந்துவிட்டேன்.

ஆலய வாசலில் ஓலைப் பந்தல். அதன் கீழே நான், தலையில் முக்காடு, கையில் பூச்செண்டு, பக்கத்தில் அப்பாவுக்குப் பதிலாக என் தாய்மாமா. உள்ளே மாப்பிள்ளை வியர்த்து நின்றுகொண்டிருந்தார். ஐயர் கைக்குட்டையை அசைத்தார். டாங்! டிங்! இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு இழுத்தார்கள். கோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் பறந்தன.

முதலில் கூரை வீடுகளிலிருந்து ஒரு பெண் குடத்தோடு ஓடி வந்தாள். அவள் பின்னால் பத்துப் பேர். காப்பி ஓட்டல்காரர் அண்டாவோடு வந்தார். சவரக் கடையிலிருந்து ஒருவர் பாதி முகத்தில் சோப்போடு வந்தார். "எங்க, எங்க?" என்று ஒரு கூட்டம், "எக்கட, எக்கட?" என்று இன்னொரு கூட்டம். எதற்கும் இருக்கட்டும் என்று யாரோ பந்தல் மேல் ஒரு குடம் தண்ணீரை வீச, அது என் மாமா தலையில் இறங்கியது. மூப்பர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. எனக்கும்தான்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு நைனா வந்தார். வெறுங்கால், பனியன், தோளில் தாம்புக் கயிறு, கையில் தளும்பத் தளும்ப வாளி. "வழி வுடு, வழி வுடு!" என்று கத்திக்கொண்டே வந்தவர் என் எதிரில் வந்து நின்று, கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"எங்கடி நெருப்பு?"

"நெருப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் பொண்ணுக்குக் கல்யாணம் நைனா."

மணி நின்றது. அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். கால் ஆலயத்தின் வாசற்படி மேல் இருந்தது. கூட்டத்தில் யாரோ 'களுக்' என்றார்கள். அவ்வளவுதான், தமிழும் தெலுங்குமாகத் தெருவே சிரித்தது. நைனா முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மணியும் அடிச்சா எங்க வூட்டுலர்ந்து ஆளு வந்துதான் ஆவணும். அதுக்குத்தான் வந்தேன். வேற ஒண்ணும் இல்ல" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. இப்போது விட்டால் போய்விடுவார். எட்டி அவர் பனியனைப் பிடித்துக்கொண்டேன். "வந்தது வந்துட்ட. கைய குடு நைனா" என்றேன்.

"பனியனோடவா?" என்றார்.

அம்மா முன்னால் வந்தாள். கையிலிருந்த துணிப்பையைத் திறந்தாள். அவளே முதல் நாள் இஸ்திரி போட்ட நைனாவின் கோட்டு, மடித்து வைத்தபடி இருந்தது. "நீ வருவன்னு எனுக்குத் தெரியும்" என்றாள். என்ன ஆகப் போகிறதென்று அவளுக்கும் தெரியாது. ஆனாலும் கோட்டை எடுத்து வந்திருந்தாள், பாருங்கள்!

பனியன் மேல் கோட்டு, ஈர வேட்டி, வெறுங்கால். வாளியை வாசலில் வைத்துவிட்டு நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நடந்த இடமெல்லாம் ஈரச் சுவடு விழுந்தது. எங்களுக்குப் பின்னால் குடத்தோடு வந்தவர்கள் எல்லோரும் உள்ளே வந்து, இடமில்லாமல் நின்றார்கள். அன்றைக்குப் போல ஆலயம் நிறைந்ததை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மாப்பிள்ளை எதிரில் வந்ததும் நைனா நின்றார். தொண்டையைச் செருமினார். "மா அம்மாயினி பாக சூஸ்கோ பாபு" என்றார். எங்கள் பெண்ணை நன்றாகப் பார்த்துக்கொள் என்று, ஒரு பிழை இல்லாமல்.

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் குனிந்து, எங்கள் இருவருக்கு மட்டும் கேட்கும்படி, "பாஸ் ஆயிட்டீங்க மாமா" என்றார்.

என் கையை எடுத்து அவர் கையில் வைக்க வேண்டும். நைனா வைத்தார். ஆனால் தன் கையை எடுக்க மறந்துவிட்டார். ஐயர் இரண்டு தடவை இருமிப் பார்த்தார். மூன்று கையும் அப்படியேதான் இருந்தது.