சோடா மூடியும் கட்டை விரலும்

புண்ணை அளக்கும் போன் ஆப்பில் பச்சை டிக் வந்தால் நான் உடனே நம்புவதில்லை. சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டே தலை நரைத்தவள். ஒரு புண் சொல்லிவைத்தாற்போல் ஆறினால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

1. பல் முளைத்த ரூபாய்

கீரமங்கலம் பூ வியாபாரி ரெங்கசாமி அண்ணனுக்கு வலது கால் கட்டை விரலில் புண். ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சர்க்கரையால் காலில் உணர்வே இல்லை. வலித்தால்தானே மனுஷன் பயப்படுவார்?

தினமும் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறி அலைய வேண்டாமே என்று, வீட்டிலேயே கட்டு மாற்றி ஆப்பில் போட்டோ அனுப்பச் சொன்னோம். புண் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து எடுக்க வேண்டும். அந்தக் காசை வைத்துத்தான் ஆப் புண்ணை அளக்கும். நான் காசு வைத்துக் காட்டியபோது அண்ணன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கூச்சம் என்று நினைத்தேன்.

வீட்டிலிருந்து வந்த முதல் போட்டோவிலேயே புண் பாதியாகிவிட்டது என்று பச்சை டிக் போட்டது ஆப். டாக்டருக்கு ஒரே சந்தோஷம். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காசைச் சுற்றிப் பல் பல்லாக இருந்தது. போனைப் போட்டேன்.

“அண்ணே, ஒங்க ஊர்ல ரூவாய்க்குப் பல்லு மொளைக்குமா?”

“அது சோடா மூடி சிஸ்டர். காசு லெட்சுமியாச்சே, அது மேல கால் படலாமா? இதுவும் ரவுண்டாத்தான இருக்கு!”

மூடி காசைவிடப் பெரியது. அதைக் காசென்று நம்பிய ஆப், புண்ணைச் சின்னதாகக் காட்டிவிட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புண்ணின் ஓரம் கறுத்திருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

“அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வாங்க.”

“இன்னிக்கு முகூர்த்த நாளு சிஸ்டர். மல்லிய விட்டுட்டு எப்புடி வாரது?”

“மல்லி நாளைக்கும் பூக்கும். வெரலு மொளைக்காது. வாங்க!”

முனகிக்கொண்டே வந்தார். செத்த சதையை எடுத்து, ஆன்டிபயாடிக் போட்டு, எப்படியோ விரலைக் காப்பாற்றினோம். காசுக்குப் பதிலாக அதே அளவில் வட்ட ஸ்டிக்கர் கொடுத்தேன். அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல சாமி படம் எதுவும் இல்லையே?”

2. செருப்புடன்

புண் ஆறியதும், பாதத்தை அழுத்தாத எம்.சி.ஆர். செருப்பு கொடுத்தோம். இனி வெறுங்காலில் நடக்கவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அடுத்த செக்கப்புக்கு வந்தவர், புதுச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்து நின்றார்.

“ஆஸ்பத்திரியும் கோயிலு மாதிரிதான சிஸ்டர்?”

அன்றே வாசலில் போர்டு வைத்தேன்: ‘செருப்புடன் உள்ளே வரவும்.’

அடுத்த முறையும் வெறுங்கால்தான். செருப்பு இரண்டும் கையில் இருந்தன.

“போர்டப் படிச்சேன் சிஸ்டர். செருப்போடதான் வந்திருக்கேன்!”

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆப்பைக் கற்றுக்கொடுக்கும் முன், எதிரே இருக்கும் மனுஷன் எதைக் காலால் தொடமாட்டார் என்று கேளுங்கள். சொல்லி முடித்த பிறகு, என்ன புரிந்தது என்றும் கேளுங்கள். எங்கள் போர்டில் இப்போது ‘செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு உள்ளே வரவும்’ என்று இருக்கிறது. அண்ணனும் அப்படியேதான் வருகிறார், பத்து விரலோடும்.