தலைவர் கழுத்தில் தொங்கிய பென் டிரைவ்

பென் டிரைவ் எங்கள் பக்கம் வந்த புதிதில் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டவர்கள் சாதாரண ஆட்கள். எங்கள் ஊர் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். சட்டைக்கு வெளியேதான், உள்ளே கிடந்தால் யாருக்குத் தெரியும்? அப்போது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு டி.டி.பி. கடையில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கடையில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான். நான் காலனிப் பெண். என்னிடம் வந்து நிற்கவேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் தலைவர் முகத்தில் அப்படியே தெரியும்.

அவர் வந்தது ஊர் அம்மன் கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகைக்காக. யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்பதற்கே ஊரில் பல நாள் பஞ்சாயத்து. கடைசிப் பக்கத்தில் காலனி ஆட்கள் ஐந்து பேர் பெயரும் வரும் என்று முடிவானது. தர்ம சிந்தனை ஒன்றுமில்லை. ஒரு மாதம் கூலி வாங்காமல் கோயிலுக்கு மண்ணும் கல்லும் சுமந்ததற்கு ஈடு. ஐந்தில் ஒன்று என் நைனா பெயர். கையெழுத்து மட்டும் போடக் கற்றவர் என்பதால் அவரால் படிக்க முடிந்ததே அந்த ஒரு பெயரைத்தான். அதை அச்சில் அவர் பார்த்ததில்லை. நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததுமே பத்திரிகை வந்துவிட்டதா என்று கேட்பார். அவரைவிட எனக்குத்தான் ஆசை அதிகம், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நான் அடித்துக் கொடுத்த பெயர்ப் பட்டியலைக் கடைக் கம்ப்யூட்டரில் வைக்கக்கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். எதிர்க்கோஷ்டி பார்த்துவிடுமாம். ஆகவே அது இருந்த ஒரே இடம் அவர் கழுத்து. உரக்கடை, சம்பந்தி வீடு என்று கம்ப்யூட்டர் இருந்த இடமெல்லாம் செருகிக் காட்டினார். எடுக்கும்போது மாட்டு முளைக்குச்சியைப் பிடுங்குவதுபோலப் பிடுங்குவார். எடுக்கப்போகிறேன் என்று திரையில் சொல்லிவிட்டு அப்புறம் எடுங்கள் ஐயா என்று எத்தனையோ முறை சொன்னேன். கரண்டு ஓடும்போதே மோட்டார் ஒயரைப் பிடுங்கியவராம் அவர்.

ஆயுத பூஜை முடிந்து வந்து செருகினார். டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, ஃபார்மட் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. மரியாதையாகக் கேட்கிறதே, ஆமாம் என்று அமுக்கு என்றார். அமுக்கினால் மிச்சமும் போய்விடும். நல்ல வேளை, மௌஸ் என் கையில் இருந்தது.

வீட்டில் ஏற்கெனவே வைத்தியம் பார்த்திருந்தார்கள். ஊதியிருக்கிறார்கள், வெயிலில் காயவைத்திருக்கிறார்கள், விபூதிகூடப் போட்டிருக்கிறார்கள். வாங்கிப் பார்த்தால் வாயில் மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. பூஜைக்கு டிராக்டர், பம்ப் செட், பென் டிரைவ் மூன்றுக்கும் சந்தனம் வைத்திருக்கிறார்கள். டிராக்டருக்கு நெற்றி தெரிகிறது. இதற்கு நெற்றி எது என்று தெரியாமல் வாயிலேயே அப்பிவிட்டார்கள்.

குண்டூசியால் சுரண்டி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துச் செருகினேன். டிஸ்க்கைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்ததும் பேரில்லாத துண்டு துண்டு ஃபைல்களாக நம்பர் போட்டு வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தேன். பாதி அவர் மகன் ஏற்றிவைத்த சினிமாப் பாட்டு. ஒன்றில் பட்டியல் இருந்தது. மூன்று பக்கம் சுத்தமாக வந்தது. நான்காவது, கடைசிப் பக்கம், முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது.

அந்தப் பக்கத்தைத் தலைவர் நினைவிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். மேல்தெரு ஆட்கள் ஒருவர் விடாமல், இனிஷியலோடு, பாட்டன் பெயரோடு வந்தார்கள். என்ன ஞாபகசக்தி என்று அசந்துபோனேன். காலனி வந்ததும் அந்த சக்தி நின்றுவிட்டது.

"அதுக்குக் கீய ஒன்னும் இல்லம்மா. ஊர் பொதுமக்கள்னு போட்டு முடிச்சிடு."

"அஞ்சி பேரு கீது ஐயா. எங்க நைனா பேரு கூட."

"அப்டியா? நெனப்பு இல்லியே. கம்ப்யூட்டரே அழிச்சிட்ச்சி, நா இன்னா பண்றது?"

வாயில்லாத பென் டிரைவ் மேல் பழி போட்டுவிட்டார். சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டு ஐந்து பெயரையும் அடித்தேன். முதல் தடவை அடிக்கும்போது 'திரு' மேல்தெருவுக்கு மட்டும் போதும் என்றிருந்தார். இந்த முறை ஐந்துக்கும் போட்டேன். புரூஃபை நீட்டினேன். தன் போட்டோ பெரிதாக இருக்கிறதா, எதிர்க்கோஷ்டிக்காரர் பெயர் சிறிதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

காஞ்சிபுரத்தில் அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்த பிறகுதான் யாரோ அவருக்குக் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினார்கள். கடைக்கு வந்து குதித்தார். முதலாளி அவருடைய கையெழுத்தையே அவர் முன்னால் வைத்தார். மறுபடி அச்சடிக்க மறுபடி காசு என்றார். தலைவருக்குக் கோபம் பெரிது, கஞ்சத்தனம் அதைவிடப் பெரிது. வீட்டு ஆட்களை வரிசையாக உட்காரவைத்து, அத்தனை பத்திரிகையிலும் அந்த ஐந்து பெயர்மேல் நீல ஸ்கெட்ச் பேனாவால் மை பூசவைத்தார்.

சும்மா விட்டிருந்தால் கடைசிப் பக்கத்தை எவன் படிக்கப்போகிறான்? மை பூசியதும் ஊரே படித்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தால் மைக்குப் பின்னால் அச்செழுத்து நன்றாகத் தெரிந்தது. மேல்தெருக்காரர்கள்கூடப் பிடித்துப் பார்த்து, யார் யார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

நைனா முதலில் என்னைத்தான் திட்டினார். நாளைக்கு எவன் நடவுக்குக் கூப்பிடுவான் என்றார். அந்தப் பயம் நியாயமானது, நானும் பயந்தேன். ஆனால் மறுநாள் காலையில் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். சூரியனுக்கு நேரே பிடித்து, விரல் வைத்து, தன் பெயரை எழுத்தெழுத்தாகக் கண்டுபிடித்தார். அப்புறம் விரல் முதலெழுத்துக்கும் முன்னால் போய் நின்றது.

"முன்னால ரெண்டு எய்த்து கீதே, இது எம்பேர்ல இல்லியே?"

"திரு, நைனா. மரியாதைக்குப் போடறது."

"யாருக்கு?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.