ரேடியோவில் கேட்ட துடிப்பு

பிணத்திலிருந்து பேஸ்மேக்கரை எடுத்த பிறகே உலைக்குள் அனுப்ப வேண்டும்; சூட்டில் பேட்டரி வெடிக்கும். அந்த மின்மயானத்தில் இந்த வேலையைச் செய்பவருக்குக் கூட்டாளிகள் வைத்த பெயர் ‘கத்திரி’. இருபத்திரண்டு வருடத்தில் ஒன்றுகூட வெடித்ததில்லை என்று அவருக்குக் கொஞ்சம் கர்வம். இடது தோளுக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்துவார். புடைப்பு தட்டுப்படாவிட்டால் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதுவார்.

அன்று காலை வந்த மூதாட்டிக்கும் ‘இல்லை’ என்றே எழுதினார். வண்டியைத் தள்ளினார்கள். மேசைமேல் இருந்த பழைய ரேடியோ, பாட்டுக்கு நடுவே டக், டக் என்றது.

“அண்ணே, ரேடியோ செத்துருச்சு,” என்றார் உலை இயக்குபவர்.

“செத்தது அது இல்லடா. வண்டிய நிறுத்து.”

ரேடியோவைக் கையில் எடுத்து உடலோரம் நகர்த்தினார். மார்பில் சத்தம் லேசாகத்தான் கேட்டது. வயிற்றருகே ஓங்கி அடித்தது. நிமிடத்துக்கு எழுபது. பேஸ்மேக்கரின் மின்துடிப்பைத்தான் ரேடியோ பிடிக்கிறது. அந்தக் காலத்தில் அதை வயிற்றில்தான் வைப்பார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளியே கணவர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, அம்மா வயித்துல என்ன இருக்கு?”

“கண்டுபிடிச்சிட்டியா?” பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். “அணு பேட்டரி. கல்யாணமாகி மூணாம் வருஷம் வெச்சது. ஒரு தடவகூட மாத்தல. தினம் காலையில ரேடியோவ வயித்துல வெச்சுக் கேப்பேன். ‘என்னங்க, இருக்கேனா?’ம்பா. ‘இருக்கே’ம்பேன்.”

“எடுத்துத் திருப்பிக் குடுக்கணும்னு அட்டையிலயே போட்டிருக்கே!”

“இனிமே என்னை யாரும் அறுக்கக் கூடாதுன்னு கையைப் புடிச்சுக் கேட்டாப்பா.”

“உள்ள இருக்கறது புளூட்டோனியம். கூடு தாங்கும்னுதான் சொல்றாங்க. தாங்கலைன்னா, அம்மா சாம்பலைக் கையில வாங்கப்போறது நீங்கதான், ஐயா.”

பெரியவர் அட்டையை நீட்டினார். “மெதுவா அறு.”

ஈரத் தட்டில் கிடந்தும் அது அடித்துக்கொண்டே இருந்தது. அவள் உலைக்குள் போன பிறகும் அடித்தது. ஈயப்பெட்டியோடு அரசு வண்டி வரும்வரை பெரியவர் ரேடியோ பக்கத்திலேயே நின்றார். மூடி விழுவதற்கு முன் குனிந்து, “இருக்கே,” என்றார்.

இப்போது கத்திரி ஒவ்வோர் உடலின் வயிற்றிலும் ரேடியோவை வைத்துப் பார்க்கிறார். ஒன்றும் கேட்பதில்லை. ஆனாலும் ‘இல்லை’ என்று எழுத அவருக்கு ஒரு முழு நிமிடம் ஆகிறது.